கோடரி படாத காட்டின் வெறுந்தரை

பேண்ட்டின் அடியைக் காலுறைக்குள் திணித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் முதல் கட்டளை. மே மாதத்தில் நியூஜெர்சிக் காட்டுக்குள் போகிறவருக்கு மரம், பூ, பறவை எல்லாம் பிறகுதான். முதலில் உண்ணி. மானின் மேல் கொழுத்து, மனிதர் காலில் ஏறி, லைம் நோயைக் கொடுத்துவிடும் கருங்கால் உண்ணி. வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த சித்தி, புடவையை விடமாட்டேன் என்று உள்ளே ட்ராக் பேண்ட்டும் முழங்கால்வரை சாக்ஸும் போட்டுக்கொண்டார். பத்துப் பதினைந்து பேர் கொண்ட எங்கள் கூட்டத்தில் உண்ணிக்கு எதிராக மிகச் சிறப்பாக ஆயத்தமாகியிருந்தவர் அவர்தான்.

ஹட்ச்சசன் நினைவுக் காடு, சாமர்செட் மாவட்டத்தில் ஈஸ்ட் மில்ஸ்டோன் என்ற சிற்றூரை ஒட்டி, ஆம்வெல் சாலையோரம் இருக்கிறது. பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலிலிருந்து காரில் அதிகம் போனால் அரை மணி. எடிசனிலும் ஃபிராங்க்ளின் பார்க்கிலும் குடியிருக்கும் தமிழர்களில் பலர் அந்தச் சாலையில் எத்தனையோ முறை போயிருப்பார்கள்; இப்படி ஒன்று இருப்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் காடு இது. நினைத்த நேரத்தில் உள்ளே நடந்துவிட முடியாது. குறிப்பிட்ட நாட்களில் அழைத்துப் போகும்போது சேர்ந்துகொள்ள வேண்டும். எங்களை அழைத்துப் போனவர் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதற்கு முன் குனிந்து ஒரு இலையைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு.

சுமார் 65 ஏக்கர்தான். ஆனால் வெள்ளைக்காரர்கள் இந்தப் பக்கம் குடியேறி 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் மொட்டையடிக்கப்படாமல் தப்பிய ஓக்–ஹிக்கரிக் காடு. நடு நியூஜெர்சியில் இப்படி வேறொன்று கிடைப்பது கடினம். 1701இல் டச்சுக் குடியேறிகள் கைக்கு வந்தது. சுற்றியிருந்த நிலமெல்லாம் உழவுக்குப் போனபோது இந்தத் துண்டு மட்டும் நின்றது. கடைசியில் மெட்லர் குடும்பத்திடம் இருந்ததால் பழைய ஆட்கள் மெட்லர் காடு என்றே சொல்வார்கள். 1950களில் மரத்துக்காக விலைபோகும் நிலை வந்தது. 1954இல் ‘லைஃப்’ இதழ் இதைப் பற்றி எழுத, நாடே கவனித்தது. 1955இல் காட்டை வாங்கி ரட்கர்ஸிடம் சேர்ப்பதில் பெரும்பங்கு பணம் கொடுத்தது யார் என்று ஆசிரியர் கேட்டார். யாரும் சொல்லவில்லை. தச்சர்கள் சங்கம்! அமெரிக்கத் தச்சர் மற்றும் மரவேலையாளர் சங்கம், தன் மறைந்த தலைவர் வில்லியம் ஹட்ச்சசன் நினைவாக. மரம் அறுத்துப் பிழைப்பவர்கள் அறுக்கவே கூடாது என்று ஒரு காட்டை வாங்கியது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

உள்ளே போனதும் நிமிர்ந்து பார்க்கத்தான் தோன்றுகிறது. வெள்ளை ஓக் மரங்களின் அடிமரம் இரண்டு பேர் கைகோத்தாலும் எட்டாத பருமன். இலை அப்போதுதான் விரிந்துகொண்டிருந்தது, ஆகவே வெயில் தரைவரை வந்தது. மிதவெப்பமண்டலக் காட்டில் ஏப்ரல், மே மாதங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. மேலே இலை மூடுவதற்கு முன் கிடைக்கும் சில வார வெயிலில் முளைத்து, பூத்து, விதைத்து, ஜூனில் மண்ணுக்குள் போய்விடும் சிறு செடிகள் ஒரு கூட்டம். இக்காடுகளில் இனங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது மரங்கள் அல்ல, இந்தக் கீழடுக்குதான். மர இனங்களைச் சுலபமாக எண்ணிவிடலாம். கணுக்கால் உயரத்தில்தான் பட்டியல் நீளும்.

நீள வேண்டும். அன்று பாதையின் இரு பக்கமும் சருகும் செம்மண்ணும் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை தெரிந்தன. செம்பாறை சிதைந்து உண்டான மண். சித்தி ஒரு பிடி எடுத்துப் பார்த்து, நம்ம ஊர் மண் மாதிரியே இருக்கே என்றார். அங்கங்கே மே ஆப்பிள் செடிகள் குடை விரித்தாற்போல் கும்பலாக நின்றன. மற்றபடி, வெளிர்பச்சையில் பொடிப்பொடியாக ஒரு புல் முளைவிட்டிருந்தது. அதற்கும் ஓக் கிளைகளுக்கும் இடையில் வெற்று வெளி. இடுப்புயரச் செடி இல்லை. முழங்கால் உயர ஓக் கன்று ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. காட்டின் அந்தப் பக்கம்வரை பார்வை தடையில்லாமல் போயிற்று.

“இதுக்குள்ள ஆடு மேயவிடுறாங்களா?” என்று சித்தி கேட்டார்.

ஆசிரியருக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். ஏறக்குறைய அதுதான், ஆனால் மேய்ப்பவர் இல்லை என்றார். ஒரு புதரின் நுனிகளைக் காட்டினார். கத்தியால் வெட்டியதுபோல் இல்லை, பிய்த்தெடுத்ததுபோல் இருந்தது. மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கடிக்காது, பற்றி இழுக்கும். எல்லாப் புதர்களிலும் ஒரே உயரம்வரை இலை இல்லை. மானின் வாய் எட்டும் உயரம் அது.

வெண்வால் மான் இந்த மாநிலத்தில் 1900 வாக்கில் வேட்டையால் அரிதாகிப்போன விலங்கு. பிறகு வேட்டைக்குக் கட்டுப்பாடு வந்தது. ஓநாயும் மலைச்சிங்கமும் அதற்கு முன்பே ஒழிந்திருந்தன. புறநகர் பெருகி, வீட்டுக்கு வீடு புல்வெளியும் அலங்காரச் செடியும் வந்தன. மானுக்கு இதைவிட நல்ல காலம் வாய்த்ததில்லை. நம் வீட்டுப் பின்புறத்தில் தக்காளிச் செடியைத் தின்றுவிட்டுப் போகிற அதே மான்தான் இரவில் இந்தக் காட்டுக்குள் வருகிறது. பென்சில்வேனியாவின் வடமேற்கில் அமெரிக்க வனத்துறையினர் பத்தாண்டுக் காலம் ஒரு சோதனை செய்தார்கள். காட்டை வேலியடைத்துப் பிரித்து, சதுர மைலுக்கு 10 மான் என்ற கணக்கிலிருந்து அதன் பலமடங்குவரை வெவ்வேறு எண்ணிக்கையில் மானை உள்ளே விட்டார்கள். சதுர மைலுக்கு 20ஐத் தாண்டியதும் செடி இனங்கள் உதிரத் தொடங்கின. மான் தொடாத பெரணியும் புல்லும் தரையைப் பிடித்துக்கொண்டன. 2003இல் வெளியான அந்த முடிவுகளுக்குப் பிறகு, கிழக்கு அமெரிக்காவில் எந்தக் காட்டின் தரையைப் பேசினாலும் முதலில் மான் கணக்கைக் கேட்கிறார்கள்.

மே ஆப்பிள் மட்டும் ஏன் இத்தனை செழிப்பு என்பது புரிந்துபோயிற்று. அது நஞ்சு. நம் ஊரில் ஆடு மேய்ந்த கரட்டில் ஆடாதொடையும் எருக்கும் நிற்கிற கதைதான். அந்த நஞ்சுதான் பிறகு மருந்தாயிற்று. புற்றுநோய்க்குத் தரும் எட்டோப்போசைடு இந்தக் குடும்பத்து வேதிப்பொருளிலிருந்து வந்தது. மே ஆப்பிளின் நெருங்கிய உறவினம் இமயமலையில் வளர்கிறது. அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் ஆசியாவுக்கும் நடுவே இப்படி உறவுச் செடிகள் ஏராளம். ஹார்வர்டின் தாவரவியலாளர் ஏசா கிரே 1850களிலேயே இதைக் கண்டு விளக்கம் தேடியவர்.

அந்த உறவுக்குள் ஒரு பெரிய ஏற்றத்தாழ்வும் உண்டு. வடகோளத்தின் ஈரமான மிதவெப்பமண்டலக் காடுகளில் உள்ள மர இனங்களைச் சூழலியலாளர்கள் லேதமும் ரிக்லெஃப்ஸும் 1993இல் எண்ணிப் பார்த்தார்கள். கிழக்காசியாவில் 729. வட அமெரிக்காவின் கிழக்கில் 253. ஐரோப்பாவில் 124. அமெரிக்காவின் பசிபிக் கரையில் 68 மட்டும். மழையும் வெப்பமும் மட்டும் காரணமென்றால் இவ்வளவு வித்தியாசம் வரக்கூடாது. எந்த இனம் எங்கே தோன்றியது, பனியூழிகளில் எதற்குத் தெற்கே ஓட வழி இருந்தது, எது ஆல்ப்ஸ் மலைச் சுவரில் முட்டி அழிந்தது என்ற பழைய கணக்கெல்லாம் இந்த எண்களுக்குள் இருக்கிறது. பே ஏரியாவிலிருந்து வரும் நண்பர்கள் மியூர் வுட்ஸின் ரெட்வுட் பிரம்மாண்டத்தைக் காட்டி, நியூஜெர்சியில் என்ன இருக்கிறது என்பார்கள். உயரத்தில் அவர்களை வெல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். இனக்கணக்கை எடுத்தால் நாங்கள் பேசுவோம்.

பாதை சற்று இறங்கும் இடத்தில் நின்று ஆசிரியர் நெருப்பைப் பற்றிப் பேசினார். 1950ஆம் ஆண்டுப் பெரும்புயலில் இங்கே ஒரு வெள்ளை ஓக் விழுந்தது. ரட்கர்ஸின் மர்ரி பியூல், அவர் மனைவி ஹெலன், சக ஆய்வாளர் ஜான் ஸ்மால் மூவரும் அதன் குறுக்குவெட்டை இழைத்துப் பார்த்தார்கள். ஆண்டு வளையங்களுக்கு நடுவில் தீக்காயத் தழும்புகள். கிட்டத்தட்ட பத்தாண்டுக்கு ஒருமுறை தரைத்தீ ஓடியிருக்கிறது. 1711 வரை. அதன்பின் ஒரு தழும்புகூட இல்லை. காடு டச்சுக்காரர் கைக்கு வந்து பத்தே ஆண்டுகளில் நெருப்பு நின்றுவிட்டது.

இதில் வழக்கும் உண்டு. லெனாபே பழங்குடியினர் வேண்டுமென்றே காட்டைக் கொளுத்தினார்கள் என்பது பியூல் தலைமுறையின் கருத்து. சூழலியலாளர் எமிலி ரஸ்ஸல் 1983இல் பழைய பயணிகளின் குறிப்புகளையெல்லாம் மறுபடி படித்து, ஊர்களுக்கு அருகில் தீ அடிக்கடி எரிந்திருக்கலாம், பரந்த காட்டையே முறைவைத்து எரித்தார்கள் என்பதற்கு ஆதாரம் போதாது என்று எழுதினார். யார் வைத்த தீ என்பது எப்படியானாலும், தீ ஓடியது மெய். ஓக் மரத்தின் தடித்த பட்டை அதைத் தாங்கும். மேலே கருகினாலும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். மெல்லிய பட்டை மேப்பிளும் பீச்சும் கருகிவிடும். தீ சருகை நீக்கும், வெயிலை உள்ளே விடும், வெயில் வேண்டும் செடிகளுக்கு இடம் தரும். ஆகவே நாம் நிமிர்ந்து வியக்கும் இந்த ஓக் கூட்டமே நெருப்பு வளர்த்த தலைமுறை. தீ நின்ற பின் பிறந்தவை அவற்றின் இடத்தைப் பிடிக்கப் போட்டியிட்டிருக்க வேண்டும். பாதுகாத்து வைத்தால் மேப்பிள் காடாக மாறும் என்று ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. அதுவும் நடக்கவில்லை. மேப்பிள் கன்றையும் மான் தின்றுவிட்டது.

தெற்கே இரண்டு மணி நேரத்துக்குள் பைன் பேரன்ஸ் இருக்கிறது. 11 லட்சம் ஏக்கர் மணற்காடு, ஊட்டமே இல்லாத மண். அங்கே குளிர்காலந்தோறும் மாநில வனத் தீயணைப்புத் துறையினர் தாங்களே கட்டுப்பாட்டுத் தீ வைக்கிறார்கள். பிட்ச் பைன் மரத்தின் சில வகைக் காய்கள் சூடு பட்டால்தான் திறக்கும். ஒரே சின்ன மாநிலத்தில் ஒரு காடு எரிவதால் வாழ்கிறது, இன்னொன்று 300 ஆண்டுகளாக எரியாமல் கிடக்கிறது.

இறந்த ஆஷ் மரங்களைத் தாண்டினோம். பட்டையில் ஆங்கில டி எழுத்து வடிவில் சின்னச் சின்ன ஓட்டைகள். ஆசியாவிலிருந்து வந்து 2002இல் டெட்ராய்ட் அருகே முதலில் தென்பட்ட மரகதத் துளைப்பான் வண்டு, நியூஜெர்சியில் முதன்முதலில் 2014இல் கண்டுபிடிக்கப்பட்டது பிரிட்ஜ்வாட்டரில். பெருமாள் கோயில் இருக்கும் அதே ஊர். அதற்கு முன் 1970களின் கடைசியில் பூஞ்சை வந்து கீழடுக்கு டாக்வுட் மரங்களை அழித்தது. ஒருகாலத்தில் இந்தக் காடு மே மாதத்தில் டாக்வுட் பூவால் வெளுத்திருக்குமாம். இப்போது ஒன்றிரண்டைத் தேடிக் காட்டினார். அதற்கும் முன், 1904இல் நியூயார்க் பிராங்ஸ் விலங்குக் காட்சிசாலையில் கண்டறியப்பட்ட கருகல் நோய் அமெரிக்கச் செஸ்ட்நட்டை நாடு முழுவதும் முடித்துவைத்தது. இந்தப் பட்டியலை விரிக்க எனக்கு மனமில்லை.

அந்த வெளிர்பச்சைப் புல்லைப் பற்றிக் கேட்டேன். ஜப்பானிய ஸ்டில்ட்கிராஸ். பீங்கான் பெட்டிகளுக்குள் வைக்கோலாகத் திணிக்கப்பட்டு வந்திருக்கலாம் என்கிறார்கள். 1919இல் டென்னசியில் முதன்முதல் பதிவு. இந்தியாவும் அதன் தாய்நாடுகளில் ஒன்று. ஒரே ஆண்டில் முளைத்து, ஆகஸ்டில் முழங்கால் உயரம் எழுந்து, விதை கொட்டிச் செத்துவிடும். மற்ற புற்களைப் போலன்றி ஆழ்ந்த நிழலிலும் வளரும். மான் அதைத் தொடாது. மான் சுத்தம் செய்து வைக்கும் தரையில் அது படுக்கை விரிக்கிறது. பூண்டு மணக்கும் கார்லிக் மஸ்டர்டும், முள் நிறைந்த ஜப்பானிய பார்பெரியும் அதே வழியில் பரவியவை. அயல்செடிதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று பலர் சொல்வதை நான் முழுக்க நம்புவதில்லை. வாசல் திறந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீமைக்கருவேலம் எங்கே அடர்ந்தது? நல்ல விளைநிலத்திலா, கைவிட்ட கண்மாய்க் கரையிலா?

கைவிட்ட நிலம்தான் அடுத்து நாங்கள் போனது. பழைய காட்டை விட்டு வெளியே வந்தால் வேலிகளும் குச்சி அடையாளங்களும் கொண்ட வயல்கள். வயல் என்று பெயர்தான். சில இடங்களில் மரம் தலைக்கு மேல் நிற்கிறது. சித்தி இங்கேதான் உற்சாகமானார். காட்டில் சும்மா நடந்தவர் இங்கே ஒவ்வொரு செடியையும் தொட்டுப் பார்த்தார்.

பியூல் தம்பதியரும் ஸ்மாலும் 1958இல் தொடங்கிய வேலை இது. விளைந்துகொண்டிருந்த பத்து வயல்களை ஒரே சமயத்தில் விடாமல், 1958 முதல் 1966 வரை இரண்டிரண்டாகத் தரிசு விட்டார்கள். ஒன்றை வசந்தத்தில், ஒன்றை இலையுதிர்காலத்தில். ஒன்றை உழுது, ஒன்றை உழாமல். கடைசியாக விளைந்த பயிரும் வேறுவேறு. ஒவ்வொரு வயலிலும் ஒரு சதுர மீட்டர் அளவுள்ள 48 நிரந்தரக் கட்டங்கள், ஆக 480. ஆண்டுதோறும் கோடையில் குனிந்து, கட்டத்துக்குள் என்னென்ன இனம், எவ்வளவு இடம் அடைத்திருக்கிறது என்று எழுதுவது. 1979க்குப் பின் ஓராண்டு விட்டு ஓராண்டு. தொடங்கியவர்களுக்குப் பிறகு ஸ்டூவர்ட் பிக்கெட், ஸ்காட் மைனர்ஸ் போன்றவர்கள் கைமாற்றி எடுத்துச் சென்றார்கள். உலகில் தரிசு நிலம் காடாவதை இவ்வளவு நெடுங்காலம் விடாமல் கணக்கெடுத்த ஆய்வு அரிது. இந்த எழுத்து வேலைக்கு எந்த நோபலும் கிடைக்காது.

முதல் ஆண்டில் ராக்வீட் வந்தது. நம்மூர்ப் பார்த்தீனியத்தின் நெருங்கிய சொந்தம், இலையைப் பார்த்ததுமே சித்தி முகம் சுளித்தார். பிறகு கோல்டன்ராட். பிறகு மல்டிஃப்ளோரா ரோஜா. அரசின் மண்வளத் துறையே 1930களில் உயிர்வேலியாக நடச் சொல்லிப் பரப்பிய முட்செடி. பிறகு ரெட் சீடர், சிவப்பு மேப்பிள், ஆஷ். நிழல் கூடும்வரை இனங்களின் எண்ணிக்கை ஏறி, மரம் மூடியதும் இறங்கத் தொடங்கியது பொதுப் போக்கு. ஆனால் பத்து வயல்களும் ஒரே படிக்கட்டில் ஏறவில்லை. எந்தப் பருவத்தில் விட்டார்கள், கடைசியில் எந்தப் பயிர் இருந்தது, உழுதார்களா என்பதெல்லாம் ஆண்டுகள் கழித்தும் தெரிந்தது.

“ஆடியில விட்ட தரிசும் தையில விட்ட தரிசும் ஒண்ணாவா இருக்கும்?” என்றார் சித்தி. ஆசிரியரிடம் சொன்னேன். அதை நிரூபிக்க எங்களுக்கு முப்பது வருடம் ஆயிற்று என்று சிரித்தார்.

ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பழைய காடு, இந்தப் பக்கம் அறுபது ஆண்டைத் தாண்டிய புதுக்காடு. நடுவில் சில அடிதான். இங்கே ஏன் அந்த வசந்தச் செடிகள் வந்து சேரவில்லை? பதில் எறும்பு. வயலட், பிளட்ரூட் போன்றவற்றின் விதையில் எண்ணெய்ச் சதை ஒட்டியிருக்கும். எறும்பு அதற்காக விதையைத் தூக்கிப் போய் புற்றருகே போடும். எறும்பு எவ்வளவு தூரம் நடக்கும்? டெலவேரிலும் தென்கிழக்குப் பென்சில்வேனியாவிலும் காட்டோரங்களை அளந்த கிளென் மேட்லாக், 1994இல் பல காட்டுச்செடிகள் ஆண்டுக்கு ஓரிரு மீட்டருக்கு மேல் நகர்வதில்லை என்று காட்டினார். சில நகரவே இல்லை. இடையில் ஒரு சாலையோ சோளக்கொல்லையோ இருந்தால் அவ்வளவுதான். பறவை தின்று எச்சமிடும் செடி நாளைக்கே வரும். எறும்பை நம்பியது நூற்றாண்டு கழித்து வரும். ஆகவே ஒரு நிலப்பரப்பில் எத்தனை காடு இருக்கிறது என்பதைவிட, எது உழப்படாதது, எது எதை ஒட்டியிருக்கிறது என்பதே கணக்கு.

உழவின் தடம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்குப் பிரான்சில் ஒரு சான்று. வடகிழக்கில் ஒரு காட்டுக்குள் ரோமானியர் காலக் குடியிருப்பின் கல் எச்சங்கள் கிடந்தன. டுப்பூவே குழுவினர் 2002இல் அதைச் சுற்றிச் செடிகளை எண்ணினார்கள். பழைய வீடுகளை நெருங்க நெருங்கச் செடி இனங்கள் கூடின. எரு போட்ட மண் ஏறத்தாழ 2,000 ஆண்டு கழித்தும் வேறாகவே இருந்தது. மனிதன் கைபட்டால் இனம் குறையும் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது என்பதற்கும் இதுவே சாட்சி. ஆனால் கூடியவை எவை என்றும் கேட்க வேண்டும். ஊட்டம் விரும்பும் செடிகள் அவை, ஏழை மண்ணில் வாழும் காட்டுச்செடிகள் அல்ல.

திரும்பும்போது கூட்டத்தில் ஒருவர், மானைக் கொன்றுவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டார். ஆசிரியர் நேராகப் பதில் சொல்லவில்லை. மேற்கு வர்ஜீனியாவில் நடந்த ஒரு சோதனையைச் சொன்னார். தீ, மரம் விழுந்த இடைவெளி, மான் மூன்றையும் தனித்தனியாகவும் சேர்த்தும் வைத்துப் பார்த்து 2010இல் வெளியிட்டார்கள். மான் மிதமாக இருந்த அந்தக் காட்டில், மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் கீழடுக்கில் இனங்கள் மிக அதிகம். வேலி போட்டு மானை அறவே ஒதுக்கிய இடங்களில் ஒன்றிரண்டு வேகமான மரக்கன்றுகள் எழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டன. ஆக வாயும் வேண்டும், நெருப்பும் வேண்டும், வெயிலும் வேண்டும், அளவு தப்பாமல்.

என்னைக் கேட்டால் இந்த 65 ஏக்கரை அப்படியே வைத்திருப்பது 1955இல் சரியான முடிவு. இப்போதும் அதையே தொடர்வது ஒரு முடிவுதான், அதற்கும் விளைவு உண்டு. வயல்களைப் பத்தாகப் பிரித்து வேறுவேறு விதமாக விட்டுப்பார்க்கத் துணிந்தவர்கள் அந்தத் துணிச்சலைக் காட்டின் ஒரு மூலைக்கும் நீட்டலாம்: ஒரு துண்டை எரிக்கலாம், ஒரு துண்டை வேலியடைக்கலாம், ஒரு துண்டில் இரண்டும் செய்யலாம், மிச்சத்தைத் தொடாமல் விடலாம். ஆசிரியரிடம் இதைச் சொன்னபோது, நானும் எரிக்கும் கட்சிதான் என்றார். ஆனால் 300 வயது ஓக்கின் அடியில் 300 ஆண்டுச் சருகும் பட்டையும் குவிந்திருக்கிறது, வேர் மேலேறியிருக்கிறது, நெருப்பு அங்கே தங்கிப் புகைந்தால் மரமே போய்விடும். முதலில் ஒவ்வொரு மரத்தின் அடியையும் கையால் கூட்டிவிட வேண்டும் என்றார். கூட்டுவதற்கு ஆள் வேண்டுமானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்கத்தில் சொல்கிறேன் என்றேன். சித்தி, விளக்குமாறு இந்த ஊரில் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்.